எதிரில் இருப்பவர் கையில் என்ன இருந்தது? ஓர் இம்ப்ரோவ் வகுப்பும் ஒரு நடிகரின் 14 வாரங்களும்

இந்த ஆய்வு ஒரே ஒரு நடிகரைப் பற்றியது. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் 'அவர்' என்றே எழுதுகிறேன். முப்பதைத் தாண்டிய வயது, எட்டு வருட மேடை அனுபவம், கணீரென்ற குரல், இரண்டு முறை படித்தால் வசனம் மனதில் நின்றுவிடும் ஞாபகசக்தி. 14 வாரம் நடந்த ஓர் இம்ப்ரோவ் வகுப்பில் (எழுதிய வசனம் இல்லாமல், மேடையிலேயே அந்தந்தக் கணத்தில் உருவாக்கி நடிப்பதுதான் இம்ப்ரோவ்), வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், அவரோடு நானும் இருந்தேன். மாணவனாக இல்லை, ஆசிரியைக்கு உதவியாக. நேரம் பார்ப்பது, நாற்காலி எடுத்துப் போடுவது, ஒவ்வொரு சீனும் முடிந்ததும் நோட்டில் நாலு வரி எழுதி வைப்பது, இவைதான் என் வேலை. இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்த நோட்டிலிருந்து வருகிறது. ஆசிரியையை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இம்ப்ரோவ் என்றால் டக்கென்று பதில் சொல்லும் சாமர்த்தியம், வசனம் மறந்தால் சமாளிக்கும் கெட்டிக்காரத்தனம் என்று நடிகர்கள் பலரே நினைக்கிறார்கள். அவரும் அதற்காகத்தான் சேர்ந்தார். "மேடையில எது நடந்தாலும் வாய் நிக்கக் கூடாது, அதுக்குத்தான் வந்தேன்" என்று முதல் நாள் அறிமுகத்தில் சொன்னார். 14 வாரம் கழித்து அவரிடம் நடந்த மாற்றம் இதற்கு நேர் எதிரானது: வாய் நிற்கக் கற்றுக்கொண்டார். அது எப்படி நடந்தது, அதில் பயிற்சிகளின் பங்கு என்ன, ஆசிரியையின் பங்கு என்ன, ஆசிரியை எங்கே தவறினார் என்பதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்திருந்தேன்.

வந்தபோது எப்படி இருந்தார்

இயக்குநர்களுக்கு அவரைப் பிடிக்கும். நேரத்துக்கு வருவார், வசனம் தப்பாது, முதல் காட்சியில் எங்கே நின்றாரோ ஐம்பதாவது காட்சியிலும் அங்கேயே நிற்பார். உடன் நடிப்பவர்களுக்குத்தான் சிக்கல். அவரோடு முன்பு இரண்டு நாடகம் செய்த ஒருவர், அவரைப் பற்றி நல்லவிதமாகவே பேசிக்கொண்டு வந்து கடைசியில், "ஆனா அவர் கூட நிக்கும்போது நான் மட்டும் தனியா நிக்கிற மாதிரி இருக்கும்" என்றார். இந்தப் புகாரை அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

முதல் நாளே நோட்டில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'எதிராளி பேசும்போது இவர் உதடு லேசாக அசைகிறது.' கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். எதிராளி பேசப் பேச, தான் அடுத்துச் சொல்ல வேண்டியதை உள்ளுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வார். எழுதிய நாடகத்தில் அது கண்ணில் படாமல் போய்விடும், ஏனென்றால் அடுத்த வசனம் ஏற்கெனவே இருக்கிறது. இம்ப்ரோவில் அடுத்த வசனம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனாலும் உதடு அசைந்தது, இல்லாத வசனத்தை அவர் அப்போதே தயாரித்துக்கொண்டிருந்தார்.

முதல் வாரத்தின் இரண்டாவது வகுப்பில் நடந்த சீனைச் சொல்கிறேன். இரண்டு பேர், காலி மேடை, இடம் ரயில் நிலையம். அவர் நுழைந்ததும் தாமதமான ரயிலைப் பற்றி மூன்று வரி அடுக்கினார், மூன்றுக்கும் வகுப்பு சிரித்தது. எதிரில் இருந்த பெண் அதிகம் பேசவில்லை. சீன் முழுக்க கையில் ஏதோ ஒன்றை மடித்துக்கொண்டே இருந்தார், கடைசியில் பக்கத்தில் வந்து அதை அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனார். அவர் நாலாவது வரியைச் சொல்லி முடித்தார், கைதட்டல் வந்தது, சிரித்த முகத்தோடு உட்கார வந்தார்.

அக்கா சீனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அவங்க கையில என்ன இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"கையிலயா? ஒண்ணும் இல்லையே அக்கா."

அந்தப் பெண் மெதுவாக, "லெட்டர் சார். உங்க பையிலதான் வெச்சேன்" என்றார்.

அவர் சட்டைப்பையைக் குனிந்து பார்த்தார். அங்கே எதுவும் இருக்காது என்று தெரிந்தும் பார்த்தார். அந்த இடத்தில்தான் அவருடைய வகுப்பு உண்மையில் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகு 14 வாரமும் ஒவ்வொரு சீனுக்கு அப்புறமும் அக்கா இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவில் கேட்டுக்கொண்டே இருந்தார். எதிராளி எந்தப் பக்கமாக வந்தார், எப்போது மூச்சை அடக்கினார், எந்த வார்த்தையைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார்? நன்றாக நடித்தீர்களா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

விளையாட்டு எதற்கு

இந்தப் பயிற்சிகள் எங்கிருந்து வந்தன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்க நாடக ஆசிரியை வயோலா ஸ்போலின் 1920-களின் நடுவில் சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்ற சமூக மையத்தில் நீவா பாய்ட் என்பவரிடம் குழு விளையாட்டுகளைப் பற்றிப் பயின்றார். பிறகு, குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளோடு நாடகம் செய்தபோது, நடிப்பைப் பற்றி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது என்று கண்டு, ஒவ்வொரு நடிப்புச் சிக்கலையும் ஒரு விளையாட்டாக மாற்றினார். விளையாட்டுக்கு ஒரே ஒரு குறி இருக்கும். மனம் அந்தக் குறியில் மாட்டிக்கொண்டால் 'நான் எப்படித் தெரிகிறேன்' என்ற கவலைக்கு இடமில்லாமல் போகும். அவருடைய கையேடு 1963-ல் வெளிவந்தது. மகன் பால் சில்ஸ் அந்த விளையாட்டுகளை 1955-ல் தொடங்கிய காம்பஸ் என்ற இம்ப்ரோவ் நாடகக் குழுவுக்கும், 1959-ல் சிகாகோவில் தொடங்கிய செகண்ட் சிட்டி குழுவுக்கும் கொண்டுபோனார். இன்று உலகத்தில் எங்கே இம்ப்ரோவ் வகுப்பு நடந்தாலும் அதில் ஸ்போலினின் விளையாட்டு ஒன்றாவது அநேகமாக இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, இது முதலில் நகைச்சுவைக்காக உருவான முறை இல்லை என்பது. ஒரே மொழியைச் சரளமாகப் பேசாத குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும், சேர்ந்து ஒன்றைச் செய்ய வேண்டும், அதற்காக வந்தது. மொழி சரளமாக இருந்தும் எதிராளியைப் பார்க்காத நம் நடிகருக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இருந்திருக்க முடியாது.

அக்கா முதலில் எடுத்தது கண்ணாடிப் பயிற்சி. இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும், ஒருவர் அசைந்தால் இன்னொருவர் பிம்பமாக அசைய வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும், கடைசியில் யார் தொடங்குகிறார் யார் பின்தொடர்கிறார் என்பதே இல்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து அசைய வேண்டும். பார்ப்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். அவர் முன்னால் நின்று அசையும்போது அழகாகச் செய்தார். பிம்பமாக நிற்கச் சொன்னால் எதிராளியின் கை பாதி தூரம் வருவதற்குள் இவர் கை போய் முடித்துவிடும். எங்கே முடியும் என்று ஊகித்து அங்கே முன்கூட்டியே போய் நிற்பார், வசனத்தில் செய்ததையேதான் உடம்பிலும் செய்தார்.

அக்கா பக்கவாட்டில் நின்றுகொண்டு, விளையாட்டை நிறுத்தாமலேயே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். "முழங்கையைப் பாருங்க. விரல் இல்ல, முழங்கை. வேகம் வேண்டாம். அவங்க மூச்சு எங்க இருக்கு? தோள்ல இருக்கு பாருங்க." இதுவும் ஸ்போலின் விட்டுச்சென்ற வழிதான்: சீன் முடிந்த பிறகு விமர்சனம் செய்வதை விட, ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து குரல் கொடுப்பது. ஓட்டப் பந்தயத்தில் மைதான ஓரமாக ஓடிக்கொண்டே கத்தும் பயிற்சியாளர் மாதிரி, ஆனால் கத்தாமல். முடிந்த பிறகு சொன்னால் அது மதிப்பெண் ஆகிவிடும், நடக்கும்போது சொன்னால் அது கைகொடுப்பது.

ஐந்தாவது வகுப்பிலோ ஆறாவதிலோ, கண்ணாடிப் பயிற்சி இருபது நிமிடத்தைத் தாண்டிப் போனபோது அவர் ஊகிப்பதை விட்டுவிட்டார். களைத்துப்போனதால்தான் என்று நினைக்கிறேன். முகத்திலிருந்த நடிகன் களை போய், ஏதோ தண்ணீருக்குள் பார்ப்பது போல எதிராளியைப் பார்த்தார். நோட்டில் இருப்பது: 'உதடு அசையவில்லை. முதல் தடவை.'

அடுத்து ஜிப்ரிஷ், அதாவது அர்த்தமே இல்லாத சத்தங்களில் பேசுவது. கழன்றுபோன சைக்கிள் செயினை எப்படி மாட்டுவது என்று எதிராளிக்கு ஜிப்ரிஷில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவருடைய பெரிய பலம் சொற்கள், அதை அக்கா கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். முதலில் அவர் ஏற்ற இறக்கத்தோடு பாட்டு மாதிரி ஏதோ பொழிந்தார். எதிரில் நின்ற பையன் நேர்மையாகத் தலையாட்டினான், புரியவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார், அப்போதும் புரியவில்லை. அப்புறம்தான் நிறுத்தி அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தார், எது புரிந்தது எது புரியவில்லை என்று தேடினார், மறுபடி ஒரு சின்ன சத்தம், மறுபடி முகம். செயின் மாட்டி முடிக்க ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடமும் எங்களால் கண்ணை எடுக்க முடியவில்லை.

'சரி' என்ற சொல்

இம்ப்ரோவ் தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது 'ஆமா, அப்புறம்' விதி: எதிராளி கொடுப்பதை ஏற்றுக்கொள், அதன் மேல் ஒன்றைச் சேர். இது எளிதில் சடங்காகிவிடும். வாயால் ஆமா சொல்லிவிட்டு உடம்பால் மறுப்பதை நான் எத்தனையோ நடிகர்களிடம் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது வாரம். தங்கையாக நடித்த பெண், "அண்ணா, அம்மா உன்னைப் பார்க்கவே மாட்டேன்னு சொல்லிட்டாங்க" என்றார். அவர் உடனே, "சரி, அதை விடு, நான் என்ன கொண்டுவந்திருக்கேன் பாரு" என்று ஒரு கற்பனைப் பெட்டியைத் திறந்தார். விதிப்படி மறுக்கவில்லை, சரி என்றுதானே சொன்னார். அக்கா சீனை நிறுத்தினார், அவர் சீனை நிறுத்துவது அபூர்வம்.

"அந்தச் சரி வாயிலேர்ந்து வந்துச்சு. அவங்க சொன்னது உங்க மேல படவே இல்லை. மறுபடி அவங்க சொல்லட்டும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், பட்ட பிறகு என்ன நடக்குதோ நடக்கட்டும்."

தங்கை மறுபடி சொன்னார். அவர் பெட்டிப் பக்கம் போன கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் எதுவுமே இல்லை. பிறகு, கொண்டுவந்த பெட்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார், உள்ளே யாரோ தூங்குவது போல. அதைப் பார்த்ததும் தங்கையின் குரல் மாறிவிட்டது. அந்த சீனில் மொத்தம் நாலு வசனம்தான், அந்த மாதத்தில் நான் பார்த்ததில் அதுதான் சிறந்தது. இத்தனைக்கும் அவர் புதிதாக எதையும் 'கண்டுபிடிக்கவில்லை'. இயல்பாக அடுத்து நடக்க வேண்டியது நடந்தது, அவ்வளவுதான்.

இதைத்தான் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரிலும் பிறகு கனடாவின் கால்கரியிலும் கற்பித்த கீத் ஜான்ஸ்டன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: புத்திசாலித்தனமாக எதையாவது யோசிக்காதே, கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் செய். ஒருவருக்கு வெளிப்படையாகத் தோன்றுவது இன்னொருவருக்கு அப்படித் தோன்றாது, அதனால் தனித்தன்மை அங்கேயே கிடைக்கும் என்பது அவர் வாதம். எனக்கு இது முழுக்கச் சரி என்றே படுகிறது.

ஜான்ஸ்டனின் அந்தஸ்துப் பயிற்சியும் நம் நடிகருக்கு நிறைய வேலை கொடுத்தது. எந்த இரண்டு பேர் பேசினாலும் அங்கே யார் மேல் யார் கீழ் என்ற ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அது பதவியில் இல்லை, செய்கையில் இருக்கிறது. பேசும்போது தலை ஆடாமல் இருந்தால் உயரம், முகத்தைத் தொட்டுக்கொண்டே பேசினால் தாழ்வு. எதிராளியை விட வெறும் ஒரு படி மேலே அல்லது ஒரு படி கீழே இருங்கள் என்று ஜான்ஸ்டன் நடிகர்களைக் கேட்டபோது தட்டையான காட்சிகள் சட்டென்று உயிர்பெற்றதாக அவர் எழுதியிருக்கிறார். நம் ஆள் எப்போதும் மேலேயே இருந்தார். கீழே வரச் சொன்னால் காலில் விழும் வேலைக்காரனாகிவிடுவார், அதுவும் ஒருவகையில் மேலே இருப்பதுதான், ஏனென்றால் எல்லோர் கண்ணும் அவர் மேல்தான். ஒரே ஒரு படி இறங்க அவருக்கு இரண்டு வாரம் ஆனது. வாக்கியத்தைத் தொடங்கும் முன் ஒரு சின்ன 'ம்' போடச் சொன்னார் அக்கா. அந்த ஒற்றை எழுத்து அவர் முதுகையே மாற்றியது.

அக்காவின் தவறு

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். ஐந்தாவது வார முடிவில் ஒரு சீனில் அவர் உட்கார்ந்த நாற்காலி சறுக்கி, எதிர்பாராமல் கீழே விழுந்தார். அடிபடவில்லை. விழுந்த விதம் அவ்வளவு அசலாக இருந்ததால் அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார், "சூப்பர்" என்றும் சொல்லிவிட்டார். ஐந்து வாரத்தில் அவரைப் பார்த்து அக்கா சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாலு வகுப்பில் அவர் ஏழு தடவை விழுந்தார். எண்ணி எழுதியிருக்கிறேன். படியில் தடுக்கினார், சுவரில் மோதினார், இல்லாத வாழைப்பழத் தோலில் சறுக்கினார். ஒவ்வொரு தடவையும் விழுவதற்கு ஒரு நொடி முன்னால் கண் அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் போனது. எதிராளி மறுபடி காணாமல் போனார். ஐந்து வாரமாகக் கட்டியது ஒரே சிரிப்பில் சரிந்தது என்று சொன்னால் மிகையில்லை.

பாராட்டும் கண்டிப்பும் இரண்டுமே நடிகனை ஆசிரியரின் முகத்தைப் பார்க்க வைக்கும் என்று ஸ்போலின் எச்சரித்திருக்கிறார். அக்காவுக்கு இது தெரியாததில்லை. தெரிந்திருப்பதும் அந்த நொடியில் சிரிப்பை அடக்குவதும் வேறு வேறு. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அவர் எப்படிப்பட்ட ஆசிரியை என்பதைக் காட்டுகிறது. எட்டாவது வாரம் வகுப்புத் தொடங்கும்போதே எல்லோர் முன்னாலும், "ரெண்டு வாரமா நடக்கிறது என் தப்பு. நான் சிரிச்சேன், அவர் எனக்காக விழுந்துட்டு இருக்கார்" என்றார். நடிகரின் முகம் சிவந்துவிட்டது, ஆனால் பாரம் இறங்கியதும் தெரிந்தது. ஜான்ஸ்டன் புது மாணவர்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் தோற்றால் என்னைக் குறை சொல்லுங்கள், நான்தானே நிபுணன் என்று சொல்வாராம். தோல்வியின் சுமையை ஆசிரியர் எடுத்துக்கொண்டால்தான் மாணவன் தோற்கத் துணிவான்.

அன்றிலிருந்து அக்கா நாற்காலியை மேடைக்கு நேர் எதிரிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில், எங்கள் பின்னால் போட்டுக்கொண்டார். நடிப்பவர்கள் அவர் முகத்தைத் தேடினால் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். சூப்பர், நல்லாருந்துச்சு எல்லாம் நின்றன. சீன் முடிந்ததும் எதிராளியிடம்தான் முதல் கேள்வி: "இவர்கிட்டேர்ந்து உங்களுக்கு என்ன கிடைச்சுது?" ஒரு நாற்காலியை நகர்த்தியது பத்து பயிற்சிக்குச் சமம் என்பது என் கருத்து.

ஒன்பதாவது வாரம்

பழையது போய்விட்டது, புதியது கைக்கு வரவில்லை. ஒன்பதாவது வாரம் அவர் மேடை ஏறி நின்றார், எதுவும் செய்யவில்லை. எதிராளி கொடுத்ததையெல்லாம் பார்த்தார், வாங்கினார், திருப்பித் தர அவரிடம் ஒன்றுமில்லை. இரண்டு சீன் அப்படியே போனது. வகுப்பு முடிந்து நாற்காலி அடுக்கும்போது, "எனக்கு நடிப்பே வராது போல இருக்கு அக்கா, எட்டு வருஷமா வெறும் சத்தம்தான் போட்டிருக்கேன்" என்றார். குரல் கம்மியிருந்தது.

அக்கா தைரியம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், "அடுத்த மூணு கிளாஸ் நீங்க ஏற வேண்டாம். தம்பி பக்கத்துல உக்காந்து நோட் எழுதுங்க" என்றார். தம்பி என்றது என்னை.

அந்த மூன்று வகுப்பின் பக்கங்களில் என் எழுத்தும் அவர் எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. முதல் நாள் அவர் எழுதியது முழுக்க வசனம்: இவன் இதைச் சொன்னான், இது நல்ல வரி, இங்கே இப்படிச் சொல்லியிருக்கலாம். இரண்டாவது நாள் வசனம் குறைந்து நடமாட்டம் வந்தது. மூன்றாவது நாள் ஒரு வரி: 'இடது கால் ஓர் அடி பின்னால் போனது. அதற்கப்புறம்தான் பொய் சொன்னான்.' நான் அதே சீனைப் பார்த்திருந்தேன், அந்தக் காலை நான் கவனிக்கவில்லை. அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "நாளைக்கு ஏறச் சொல்லு" என்றார்.

மேடையில் நிற்கும் நடிகனுக்கு எதிராளியைப் பார்ப்பது கஷ்டம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை பாதிக் கவனத்தைத் தின்றுவிடும். கீழே உட்கார்ந்தால் அந்த வேலை இல்லை. பார்க்கும் பழக்கத்தை முதலில் கீழே வளர்த்துவிட்டு அப்புறம் மேலே கொண்டுபோனது அக்காவின் சொந்த முடிவு, வேறெங்கும் நான் இதைப் பார்த்ததில்லை.

எழுதிய நாடகத்தில்

பதினோராவது வாரத்தில் அவருக்கு வெளியே ஒரு நாடக ஒத்திகை தொடங்கியது. அங்கே ஒரு புது வம்பு. இம்ப்ரோவ் உற்சாகத்தில் எழுதிய வசனத்தையும் மாற்ற ஆரம்பித்தார். உடன் நடித்தவர் க்யூ, அதாவது தான் எப்போது பேச வேண்டும் என்று காட்டும் வசனம், கிடைக்காமல் தடுமாற, இயக்குநர் அவரைத் தனியே கூப்பிட்டுக் கடுமையாகவே பேசினார். இயக்குநர் பக்கம்தான் நியாயம் என்பேன். இம்ப்ரோவ் கற்ற நடிகர்கள் நிறையப் பேர் இந்தக் குழியில் விழுகிறார்கள், சில ஆசிரியர்கள் அதைச் சுதந்திரம் என்று வேறு ஊக்குவிக்கிறார்கள்.

அக்கா வேறு மாதிரி அணுகினார். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தன் கடைசி ஆண்டுகளில், வசனத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்பே நடிகர்கள் காட்சியின் சூழலைச் சொந்த வார்த்தைகளில் நடித்துப் பார்க்கும் முறையில் வேலை செய்தார், அவர் மாணவி மரியா க்னெபெல் அதைப் பின்னால் விரிவாக எழுதிவைத்தார். அந்த வழியில், சொந்த வார்த்தை என்பது எழுதிய வார்த்தைக்குப் போய்ச்சேரும் பாதை, அதற்குப் பதிலி இல்லை. அக்கா அவருடைய ஸ்க்ரிப்டிலிருந்து அரைப் பக்கத்தை எடுத்து, முதலில் இரண்டு தடவை சொந்த வார்த்தையில் செய்ய வைத்தார். பிறகு ஒரு எழுத்துகூட மாறாமல் பத்து தடவை. எதிராளியிடம் மட்டும் ரகசியமாக ஒவ்வொரு தடவையும் ஒன்றை மாற்றச் சொன்னார்: ஒரு தடவை அவசரத்தில் வா, ஒரு தடவை அழுதுவிட்டு வா, ஒரு தடவை ஏற்கெனவே மன்னித்துவிட்டு வா. வசனம் அதேதான், பத்துக் காட்சியும் பத்து விதமாக இருந்தன.

அந்த நாடகத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை, மனைவியாக நடித்தவர் ஒரு சாவியை நீட்டி "வெச்சுக்கோங்க" என்று சொல்ல வேண்டும். சாவி அன்று பின்னாலேயே தங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் கை பைக்குள் போய் அப்படியே நின்றதைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் மூடிய வெறும் கையை நீட்டி வசனத்தைச் சொன்னார். பழைய ஆளாக இருந்தால் சாவியை வாங்கியது போல பாவனை செய்து அடுத்த வசனத்துக்குப் போயிருப்பார். இப்போது அந்தக் கையைப் பார்த்தார், அது நடுங்கியதைப் பார்த்தார். தன் இரண்டு கையாலும் அந்த மூடிய கையைப் பிடித்து, மெதுவாக அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு, "நாளைக்கு வர்றேன்" என்று எழுதியிருந்தபடியே சொன்னார். ஒரு சொல்கூட மாறவில்லை. அடுத்த தடவை சாவி இருந்தது, இயக்குநர் கையைத் தள்ளுவதை அப்படியே வைத்துக்கொண்டார்.

எதை உறுதியாகச் சொல்ல முடியும்

ஒருவரைப் பார்த்து எழுதியது இது. அதே வகுப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவர் பாதியில் நின்றுவிட்டார், இரண்டு பேரிடம் பெரிய மாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சீனுக்கு சீன் துள்ளிக்கொண்டே இருந்த ஒரு பெண்ணுக்கு இது போதவில்லை என்றே நினைக்கிறேன், அவருக்குத் தேவைப்பட்டது அரைப் பக்க வசனத்தோடு ஒரு மாதம் பொறுமையாக உட்காருவது. நம் நடிகருக்கு எட்டு வருட உழைப்பு ஏற்கெனவே கையில் இருந்தது, குரல் இருந்தது, வகுப்பு அவற்றைக் கொடுக்கவில்லை.

மூளை ஆராய்ச்சியைக் காட்டி இதை நிரூபித்ததாகப் பேசுபவர்கள் உண்டு. 2008-ல் சார்ல்ஸ் லிம், ஆலன் பிரான் இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேனருக்குள் வாசிக்க வைத்து, மனப்பாடமாக வாசிப்பதை விட அந்தக் கணத்தில் உருவாக்கி வாசிக்கும்போது, தன்னைத்தானே கண்காணிப்பதோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதி அடங்குவதைக் கண்டார்கள். எனக்குப் பிடித்த ஆய்வு அது. ஆனால் ஆறு பேர், அதுவும் பியானோ, எதிரில் இன்னொரு முகம் இல்லை. நம் நடிகரின் உதடு ஏன் நின்றது என்பதை அதை வைத்து நான் விளக்க மாட்டேன்.

பயிற்சிகளும் ஆசிரியையும் தனித்தனியாக எவ்வளவு செய்தார்கள் என்று கேட்டால், என் பதில் நிச்சயமாக ஆசிரியை பக்கம் சாயும். கண்ணாடிப் பயிற்சியை யார் வேண்டுமானாலும் படித்துவிட்டு நடத்தலாம். அதை ஐந்து நிமிடத்தில் முடிக்காமல் இருபது நிமிடம் இழுக்க வேண்டியவர் யார், மேடையிலிருந்து இறக்கி நோட்டைக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. அக்கா அவர் எதிராளியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த 14 வாரமும் அவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

வகுப்பு முடிந்து சில மாதம் கழித்து அவர் ஒரு கேமரா ஆடிஷனுக்குப் போனார். எதிரில் நடிகர் யாரும் இல்லை, கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பேப்பரைப் பார்த்து உணர்ச்சியே இல்லாமல் வசனம் படித்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது அங்கே? "அவங்க விரல் இருந்துச்சு" என்றார் என்னிடம். வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே படித்திருக்கிறார் அந்தப் பெண், ஓரிடத்தில் வரி தவறி விரல் நின்றிருக்கிறது. இவர் அந்த விரலுக்காகக் காத்திருந்தார், அது மறுபடி நகர்ந்த பிறகுதான் பதில் சொன்னார். அந்த இடைவெளி நன்றாக இருந்தது என்று பிறகு அவரிடம் சொன்னார்களாம். வேடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த பேட்ச் தொடங்கியபோது அவர் முதல் ஆளாக வந்து, அக்காவின் நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டுவிட்டு, என்னிடம் ஒரு பேனா கேட்டார்.